மூன்று நூல் உயரம்

நேராக நிற்பது எப்படி என்று என் மச்சினனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். தாராவியில், கோலி என்று அங்கே சொல்கிற பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒற்றை அறையில், தினமும் விடிந்ததும் அவனைச் சுவரோடு நிறுத்தி நாற்பது நாள் கற்றுக்கொடுத்தேன். நல்ல காரியம்தானே என்று நினைப்பவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு நினைக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். புதிதாக வரும் இயந்திரங்களை மட்டம் பார்த்துத் தரையில் உட்காரவைப்பது என் வேலை. ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டை விட்டு மயிரிழை நகர்ந்திருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. பத்து வருடம் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. செருப்பை மாட்டக் குனிந்தால் நிமிர்வதற்கு யாராவது கை கொடுக்கவேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர், மாட்டுங்காவில் ஞாயிறு காலையில் யோக வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். போனேன்.

வகுப்பு ஒரு சங்கக் கட்டிடத்தின் மாடியில். சொல்லிக்கொடுத்தவர் ரயில்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒடிசலான ஆள், வெள்ளை வேட்டி. முதல் நாள் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். தாராவி என்றேன். "ஓஹோ" என்றார். அன்றுமுதல், மற்றவர்களின் தோளைக் கையால் பிடித்துச் சரிசெய்தவர் என்னிடம் வரும்போது மட்டும் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வந்தார். நுனியால் முழங்காலில் ஒரு குத்து, முதுகில் ஒரு குத்து. "நிமிருங்கோ. இன்னும். இடுப்பை முன்னால தள்ளாதீங்கோ." மரியாதையில் ஒரு குறையும் இல்லை, விரல் மட்டும் படவில்லை. எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறும். ஆனால் இடுப்பு வலி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் முதல் மூன்று மாதம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாடாசனம் ஒன்றுதான். வெறுமனே நிற்பது. இதற்கா மாட்டுங்கா வரை வருகிறேன் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. நின்று பார்த்தபோதுதான் இத்தனை வருடம் நான் நின்றதே இல்லை, சாய்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று தொடவேண்டும், குதிகால்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கலாம். உடம்பின் பாரம் குதிகாலிலும், பெருவிரலின் அடியிலும், சுண்டுவிரலின் அடியிலும் சமமாக இறங்கவேண்டும். முழங்கால் சில்லை மேலே இழுக்கவேண்டும், ஆனால் முழங்காலைப் பின்னுக்கு முறுக்கிப் பூட்டக்கூடாது. வால் எலும்பு கீழ்நோக்கி, அடிவயிறு லேசாக உள்ளே, தோள்கள் காதை விட்டு விலகிக் கீழே. முகவாய் தரைக்கு மட்டமாக. உச்சந்தலையை யாரோ மேலே தூக்குவதுபோல வளரவேண்டும், மூச்சை மட்டும் பிடித்துவைக்கக் கூடாது. ஒரு ஃபிட்டருக்கு இதை இரண்டு முறை சொல்லவேண்டியதில்லை. காதோரம் தூக்குக்குண்டைப் பிடித்தால் அதன் கயிறு தோள், இடுப்பு, முழங்கால் வழியாகக் கணுக்கால் எலும்புக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.

பலன்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதத்தில் இடுப்பு வலி போனது. சயான் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. சாப்பிட்டது செரித்தது. பொருமல் அடங்கி மனசு சாந்தப்படும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பலன் மட்டும் என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி ஊரிலிருந்து வந்து இறங்கினான். இருபத்துநாலு முடிந்து இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவன், ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான், கோயிலில் பாட்டுப் பாடினால் முன்வரிசைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவார்கள். என் மனைவிக்கு அவன் பிள்ளை மாதிரி. செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆலையின் காவல் படைக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்ததும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காக்கி உடுப்பு, சாகும்வரை வேலை, குழாயோடு சேர்ந்த குடியிருப்பு. இருபத்தைந்து தாண்டினால் எடுக்கமாட்டார்கள், அதனால் அவனுக்கு அந்த ஒரே முறைதான். உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம் இருக்கவேண்டும். என் இரும்பு அளவுகோலை வைத்து நானே அளந்தேன். மூன்று நூல் குறைந்தது. பட்டறையில் எட்டு நூல் ஓர் அங்குலம்.

அவனுக்கு முன்னால் அதே ஆலையின் அதே கேட்டில் நானும் ஒரு காலத்தில் போய் நின்றவன். கல்யாணத்துக்கு முந்தி. ஒரு முழு அங்குலம் குறைந்தேன். அளந்தவன் என் தலையைத் தட்டி, வளர்ந்துவிட்டு வா என்று இந்தியில் சொன்னான். வரிசையே சிரித்தது. இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் வேடிக்கையாக நினைத்து மனைவியிடம் சொல்லியிருந்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது இப்போது தெரிந்தது.

"என்னங்க, எந்தம்பியக் கொஞ்சம் நிமித்தி விடுங்களேன். மூணே மூணு நூலுதான. உங்கள மாதிரி ஒரு இஞ்சா குறையுது?" என்றாள்.

அவள் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் முதலில் அவளுக்கே ஒரு தயக்கம் இருந்தது. "ஓம்னு சொல்லித்தான ஆரம்பிப்பாவ, நாம வேதக்காரவுகளாச்சே, அது நமக்கு ஆகுமா?" என்று கேட்டாள். நிற்பதற்கு எந்த மதமும் கிடையாது, ஓமும் வேண்டாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

நாற்பது நாள் அவனை நான் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு பக்கம் வெட்கமாகவும், ஒரு பக்கம், உண்மையைச் சொன்னால், ருசியாகவும் இருக்கிறது. மாட்டுங்காக்காரரிடம் குடை, என்னிடம் இரும்பு அளவுகோல். முழங்கால் தளர்ந்தால் கெண்டைக்காலில் விழும். தோள் ஏறினால் தோளில் விழும். ரசமட்டத்தைக் கொண்டுவந்து அவன் இரண்டு தோளுக்கும் குறுக்கே வைப்பேன். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை காலைக் கஞ்சி கிடையாது. "எல, மாடு கெணக்கா நிக்காத. முட்டியத் தூக்கு. வயித்த உள்ள இழு. உங்க அக்கா ஆக்கிப்போட்டதெல்லாம் அங்கதான் நிக்கி." கதவைத் திறந்தே வைத்திருப்பேன். சந்தில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான்.

அவன் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. "சரியா நிக்கேனா அத்தான்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பான். பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, நின்ற இடத்திலேயே கண் செருகி விழுந்தான். முழங்காலைப் பூட்டி ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அவன் பூட்டி நிற்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மனைவி தண்ணீரைத் தெளித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளந்ததில் ஒரு நூல் கூடியிருந்தது. அதற்குப் பிறகு அவள் அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிறு தோறும் அவன் பாயை விட்டு எழுந்ததும் அளப்போம். சுவரில் ஐந்தடி ஐந்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். அதற்குக் கீழே பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. அவன் வளர்ந்துவிடவில்லை, கூனலாகச் செலவழித்துக்கொண்டிருந்த உயரத்தை மீட்டான், அவ்வளவுதான். தேர்வுக்கு முந்தின ஞாயிறு அவன் தலை கோட்டைத் தொட்டது. தொட்டது மட்டுமில்லை, ஒரு நூல் தாண்டியும் நின்றது. மனைவி இரண்டு கைகளையும் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னாள். ஒரு நிமிடம் எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஒரு கோணல் இயந்திரத்தை நான் மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பி, "பாருங்க, இனி நீங்கதான் எந்தம்பிக்கு சல்யூட் அடிக்கணும். வாங்க, பக்கத்துல நில்லுங்க பாப்போம்" என்றாள்.

நின்றேன். என் தலை கோட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்குள் ஏதோ ஒன்று முடிவாகிவிட்டது. காக்கி உடுப்போடு இவன் வாசலில் வந்து நிற்பான், இவள் என்னையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள் என்று தோன்றியது. வயிறு எரிந்தது.

அதே ஞாயிறு காலை வகுப்புக்குப் போனபோது மாட்டுங்காக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து நான் அவரிடம் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். அவர் குடையை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"காலம்பற எழுந்த உடனே மனுஷன் உசரமா இருப்பான். நிக்க நிக்க, நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கிண்டே வரும். பொழுது சாயறதுக்குள்ள அரை இஞ்ச் கொறஞ்சாலும் கொறையும். பாரம் தூக்கினா கேக்கவே வேண்டாம், உடனே எறங்கிடும். அந்தப் பையனைக் கடைசி நிமிஷம் வரைக்கும் படுத்துண்டே இருக்கச் சொல்லுங்கோ. படுக்கையிலேர்ந்து எழுந்து நேரா அளவுக்குப் போயிடணும்."

அரை அங்குலம் என்றால் நாலு நூல். எங்கள் சுவர்க் கணக்கெல்லாம் பாயை விட்டு எழுந்த உடனே எடுத்த கணக்கு. இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். வந்து யாரிடமும் சொல்லவில்லை. இன்று அவனும் இல்லை, அவளும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கடவுள் எனக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மனைவி தானாகவே ஒரு யோசனை சொன்னாள். செம்பூரில் அவர்களுக்கு ஒரு சித்தி இருந்தாள்.

"கேட்டுக்கு எதுத்தாப்லதான சித்தி வீடு. முந்தின நாளே போயி அங்க படுத்துக்கிடட்டும். எந்திரிச்சதும் போயி வரிசைல நின்னுருவான்லா?"

மாட்டுங்காக்காரர் சொன்னதேதான். ஒன்றும் தெரியாமல் இவள் சொல்கிறாள்.

"அங்க பூரா மூட்டப்பூச்சி. ஒறக்கம் கெட்டா மறுநா எப்பிடி நிப்பான்? இங்கயே கிடக்கட்டும். நான் லீவு போட்டுட்டுக் கூடப் போறேன்" என்றேன்.

எனக்காக லீவு வேற போடுதிய என்று அவன் கண் கலங்கினான்.

தேர்வு அன்று காலை ஐந்து மணிக்குச் சந்து முனைக் குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கமாக நானும் அவனும் ஆளுக்கு நாலு தகரம் கையில் தூக்கிக்கொண்டு வருவோம். அன்று அவனை எழுப்பி, "எல, நெஞ்சளவும் பாப்பான்ல. தண்ணி தூக்குனா நெஞ்சு விரியும். இன்னைக்கு மொத்தத் தண்ணியும் நீயே தூக்கு. கையில வேண்டாம், தலையில வச்சுக்க, அப்பந்தான் முதுகு நேரா நிக்கும்" என்றேன்.

"சரி அத்தான்" என்றான்.

நானே துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, நானே தகரத்தைத் தூக்கி அவன் தலையில் ஏற்றினேன். எட்டுத் தகரம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு விதவை, பிள்ளையில்லாதவள். அவள் டிரம்மையும் நிரப்பிவிடு, புண்ணியமாப் போகும் என்றேன். இன்னொரு எட்டு. முழங்காலைத் தூக்கி, தோளை இறக்கி, நான் சொல்லிக்கொடுத்த அதே நேர்த்தியோடு அவன் பதினாறு முறை சந்தில் வந்து போனான். பக்கத்து வீட்டுக்காரி அவனை வாழ்த்தினாள். வேலைக்குப் போகிற அன்றைக்கும் உபகாரம் பண்ணிவிட்டுத்தான் போகிறான் என்று என் மனைவிக்குப் பெருமை தாளவில்லை. தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினாள். கைவைத்த தலை அப்போதே கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

செம்பூரில் கேட்டுக்கு வெளியே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருநூறு பேராவது வந்திருப்பார்கள். வெயிலில் வரிசை நகர்ந்து நகர்ந்து அவன் முறை வரப் பதினொரு மணி ஆகிவிட்டது. முதலில் நெஞ்சளவு. அதில் எடுத்த எடுப்பில் தேறிவிட்டான். என் பக்கம் திரும்பிச் சிரித்தான். பிறகு உயரம். மரக் கம்பம், அதில் மேலும் கீழும் நகர்கிற ஒரு பட்டை. அளந்தவன் வயதான மராட்டிக்காரன். "சீதா கடா ரஹோ" என்றான், நேராக நில் என்று.

அவன் நின்றான். ஃபிட்டரின் கண்ணோடு வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால். எங்கேயும் ஒரு பிசகு இல்லை. முகவாய் மட்டமாக இருந்தது, தோள்கள் இறங்கியிருந்தன, மூச்சு சீராகப் போய்வந்தது. என் வாழ்நாளில் எந்த இயந்திரத்தையும் நான் அவ்வளவு மட்டமாக உட்காரவைத்ததில்லை. பட்டை இறங்கித் தலையைத் தொட்டது.

"ஏக் சூத் கம்" என்றான் மராட்டிக்காரன். ஒரு நூல் குறைவு.

"பிர் ஸே, சாப்" என்று மறுபடி அளக்கச் சொல்லி இவன் கைகூப்பினான். அந்த மனிதருக்கு மனசு இருந்திருக்கவேண்டும். இருநூறு பேர் காத்திருக்கும்போது பட்டையைத் தூக்கி இன்னொரு முறை மெதுவாக இறக்கினார். குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இவன் சட்டையைப் போட்டுக்கொள்ள மறந்து அதைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

"தண்ணி தூக்குனது நல்லதாப் போச்சு அத்தான். நெஞ்சளவுல ஒண்ணும் சொல்லல" என்றான். பிறகு, "ஞாயித்துக்கெழம கோட்டத் தாண்டி நின்னேன்லா? இங்க எங்க தப்பு விட்டேன்? நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னிய, சொல்லுங்க அத்தான்" என்று கேட்டான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை திரும்பி வராதுதான். தன் மேல் தப்பில்லை என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணினேன்.

"முகவாயத் தூக்கிட்டல. பட்ட தலையில படுற நேரம் பாத்து மேல பாத்துட்ட. முகவாய் தூக்குனா உச்சி பின்னால சரிஞ்சிரும்னு எத்தன நாளு சொல்லியிருக்கேன்" என்றேன்.

அவன் நம்பினான். தன் முகவாயை ஒரு கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை அவனே சொன்னான். முகவாய் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அவன் மேல் பாய்ந்தாள். "நாப்பது நாளு அவுக ஒறக்கத்தக் கெடுத்து ஒனக்குச் சொல்லிக்குடுத்தாவளே, ஒரு நிமிசம் ஒன்னால தலையக் குனிஞ்சு நிக்க முடியல, என்ன? அப்பிடி என்னல திமிரு?" என்று கத்தினாள். தம்பியை அவள் அந்த மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை. நான் அறை மூலையில் இருந்த மோரியில் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குப் பசித்தது. அவள் தட்டை வைத்தாள். அவனுக்கு வைக்கவில்லை.

நான் பாதிச் சோற்றில் இருக்கும்போது அவன் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தான். என் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காவ இவ்வளவு பாடுபட்டிய. நாந்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க அத்தான்" என்றான்.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் பார்வையில் இருந்த மரியாதை அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, போனால் போகிறது என்று சொல்லி, பெரிய மனது பண்ணி நான் அவனை மன்னித்தேன்.